பழைய கம்பளியில் பிள்ளைக்கு ஒரு ஜாக்கட்



தை, மாசி மாதங்களில் நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் சில நாட்கள் காலையில் புல்லெல்லாம் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். மெல்லிய பள்ளிச் சட்டையோடு நடுங்கிக்கொண்டு போகிற பிள்ளைகளை நாம் எல்லோரும் பார்க்கிறோம். குளிருக்குப் பயந்து பள்ளிக்கூடம் போகாமல் நிற்கிற பிள்ளைகளும் உண்டு. கடை ஜாக்கட்டுக்குக் காசு இல்லாவிட்டால் பழைய கம்பளியில் நாமே தைக்கலாம். மெஷின் வேண்டியதில்லை. ஊசி, தடித்த நூல், கத்தரிக்கோல், அளவு நாடா, பழைய பத்திரிகைத்தாள் போதும்.

முதலில் நான் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு அம்மா வீட்டில் இருந்த ஒரே கம்பளியைக் கொண்டுவந்தார். பிள்ளையின் மார்பளவு 24 அங்குலம். நானும் சரியாக 24க்கே வெட்டிக் கொடுத்தேன். பள்ளிச் சட்டைக்கு மேலே போட்டால் பொத்தான் எட்டவில்லை, கை தூக்க முடியவில்லை. அந்த அம்மா ஒன்றும் பேசாமல் துண்டுகளை மடித்துக்கொண்டு போய்விட்டார். அன்று ராத்திரி அந்த வீட்டில் போர்த்தக் கம்பளியும் இல்லை, ஜாக்கட்டும் இல்லை. அதனால்தான் சொல்கிறேன்: உடம்பளவுக்கு வெட்டாதீங்க. முதலில் தாளில் வெட்டிப் பாருங்க.

கம்பளியை வெட்டுவதற்கு முன் துவைத்துக் காயப்போடுங்கள். சுருங்குவது அப்போதே சுருங்கிவிடும். ஓரத்தில் ஒரு இழையைப் பிடுங்கி எரித்தும் பாருங்கள். முடி கருகிய வாசம் வந்து பொடியானால் ஆட்டு ரோமம். உருகி உருண்டையானால் நைலோன் மாதிரிச் செயற்கை நூல். அதில் தைத்ததைப் போட்டுக்கொண்டு பிள்ளை அடுப்புப் பக்கம் போகக் கூடாது. நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டும்.

அளவு எடுக்கும் முறை (மார்பு 24 உள்ள பிள்ளைக்கு)

1. மார்பளவோடு 6 அங்குலம் கூட்டினால் 30. நாலாகப் பிரித்தால் 7½.
2. பின்பக்கம் ஒரு துண்டு, 15 அகலம். முன்பக்கம் இரண்டு துண்டு. ஒவ்வொன்றும் 7½ அகலம், பொத்தானுக்கு இன்னும் 1 அங்குலம்.
3. நீளம், பிடரியிலிருந்து இடுப்புக்குக் கீழே வரை.
4. கை நீளத்துக்குப் பிடரி நடுவிலிருந்து தோள் வழியாக மணிக்கட்டு வரை அளந்து, 7½ கழியுங்கள். 22 வந்தால் கை 14½. கையின் மேல் அகலம் 15, மணிக்கட்டில் 9.
5. எல்லாப் பக்கமும் தையலுக்கு ¾ அங்குலம் விடுங்கள். கீழ் ஓரத்திலும் கை நுனியிலும் 2 அங்குலம் விட்டு உள்ளே மடியுங்கள். பிள்ளை வளர்ந்தால் அடுத்த வருஷம் அவிழ்த்து விடலாம்.

தாளைக் குண்டூசியால் சேர்த்து, பள்ளிச் சட்டைக்கு மேலே வைத்துப் பாருங்கள். பிள்ளை இரண்டு கையையும் தூக்கட்டும். இறுக்கம் இல்லை என்றால் கம்பளியில் வெட்டுங்கள். கழுத்தைச் சின்னதாகவே வெட்டுங்கள். பெரிதாக்கலாம், சின்னதாக்க முடியாது.

தைக்கும் ஒழுங்கு

முதலில் தோள் இரண்டையும் தையுங்கள். பிறகு உடம்பை விரித்து வைத்து, கையின் நடுவைத் தோள் தையலோடு பொருத்தித் தையுங்கள். கடைசியாகக் கை நுனியிலிருந்து அக்குள் வழியாகக் கீழ் ஓரம் வரை ஒரே தையல். ஒவ்வொரு தையலிலும் ஊசியைக் கொஞ்சம் பின்னுக்குக் குத்தி முன்னுக்கு எடுங்கள். அப்போதுதான் இழுத்தாலும் பிரியாது. பழைய நூல் சேலையில் இதே அளவுக்கு உள்துணி வெட்டிச் சேர்த்தால் கம்பளி உடம்பை அரிக்காது. நடுவில் காற்று நிற்பதால் சூடும் கூடும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தைத்தாலும் முடித்துவிடலாம். அளவில் சந்தேகம் வந்தால் தாளையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நலன்புரி அறைக்கு வாங்க. கம்பளியை மட்டும் வெட்டாமல் கொண்டுவாங்க.