செல்போனுக்குள் ஓர் இருட்டறை

ஒருவரையே இருவராகக் காட்டுவது, வெளிச்சத்தால் பெயர் எழுதுவது, கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு பூவை மட்டும் நிறத்தோடு விட்டுவைப்பது என்று செல்போனில் விளையாட ஏராளமான படச் செயலிகள் வந்துவிட்டன. செயலிகள்தான் புதியவை, வித்தைகளில் பெரும்பாலானவை பிலிமும் ரசாயனத் தட்டும் இருந்த இருட்டறையில் பிறந்தவை. இங்கிலாந்தில் வாழ்ந்த ஸ்வீடன்காரரான ஆஸ்கர் ரெய்லாண்டர், 1857இல் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை ஒவ்வொன்றாக அச்சிட்டு, ஒட்டுத் தெரியாமல் ஒரே படமாக்கினார். அதன் பிரதி ஒன்றை விக்டோரியா மகாராணி வாங்கினார். அன்று வாரக்கணக்கில் பிடித்த அந்த வேலையை இன்று பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் முடித்துவிடலாம். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவருக்குத்தான் இந்த விளையாட்டு சலிக்காது. தெரியாதவர் வரிசையாக ஃபில்டர்களைத் தட்டிப் பார்த்துவிட்டு இரண்டே நாளில் மறந்துவிடுவார்.

ஃபில்டரின் கதை ஒரு மட்டமான கேமராவில் தொடங்குகிறது. ஹாங்காங்கில் 1981இல் உருவான ஹோல்காவுக்கு உடம்பும் பிளாஸ்டிக், லென்ஸும் பிளாஸ்டிக். படத்தின் நடுப்பகுதி மட்டும் ஓரளவு தெளிவாக விழும், ஓரங்கள் இருண்டுவிடும், மூடியின் இடுக்கு வழியாக வெளிச்சம் கசிந்து பிலிமில் தீற்றல் போடும். நாளடைவில் இந்தக் குறைகளையே சிலர் விரும்பித் தேடினார்கள். 2009 டிசம்பரில் ஐபோனுக்கு வந்த ஹிப்ஸ்டமாட்டிக் செயலி அந்த ரசனையைப் பிடித்துக்கொண்டது. அதில் எந்த ‘லென்ஸ்’, எந்த ‘பிலிம்’ என்பதைப் படம் எடுக்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படைவீரர்களை டேமன் விண்டர் இந்தச் செயலியால் எடுத்த படங்கள் 2010இல் நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கத்தில் வந்தன. அடுத்த ஆண்டு அவற்றுக்குப் பரிசு கிடைத்ததும், செயலி பூசிய நிறம் செய்திப் படத்தில் செல்லுமா என்று புகைப்படக்காரர்களிடையே பெரிய வாக்குவாதம் மூண்டது.

2010 அக்டோபரில் வெளியான இன்ஸ்டாகிராமின் தொடக்ககால ஃபில்டர்களில் ஒன்று எக்ஸ்-புரோ டூ. ஸ்லைடு பிலிமை, கலர் நெகட்டிவுக்கான ரசாயனத்தில் கழுவினால் நிறங்கள் பிறழ்ந்து, வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாடு கூடிவிடும். அந்தப் பிறழ்வின் நகல்தான் இது. ஃபில்டர் என்பது அடிப்படையில் ஒரு கணக்கு அட்டவணை: இந்தச் சிவப்பை இவ்வளவு கூட்டு, நிழலில் கொஞ்சம் நீலம் சேர், ஓரத்தை இருட்டாக்கு. முழு அளவில் போட்டால் எல்லார் படமும் ஒன்றுபோலத் தெரிவதற்குக் காரணம் இதுதான். அளவைப் பாதியாகக் குறைத்தாலே படம் நிமிர்ந்துவிடும். மாநிற முகத்தை வெளுப்பாக்குவதையே அழகு என்று நினைத்துக்கொண்டிருக்கும் ‘பியூட்டி’ வசதியை அணைத்துவைப்பது இன்னும் நல்லது.

ஒருவரையே இருவராக்கத் தனிச் செயலிகூட வேண்டாம். போனில் உள்ள பனோரமாவே போதும். தமிழில் முதல் இரட்டை வேடப் படம் என்று பேசப்படும் ‘உத்தம புத்திரன்’ 1940இல் வந்தது. இரண்டு வேடத்திலும் பி. யு. சின்னப்பா. அக்காலத்தில் இரட்டை வேடத்துக்குக் கேமராவின் பாதியை மறைத்து நடிகரை ஒரு பக்கம் எடுப்பார்கள். பிலிமைப் பின்னுக்குச் சுற்றி, மறு பாதியை மறைத்து மீண்டும் எடுப்பார்கள். பனோரமாவும் படத்தைப் பகுதி பகுதியாகத்தான் எடுத்து ஒட்டுகிறது. நண்பரை இடது ஓரத்தில் நிறுத்திப் போனை மெல்ல வலப்பக்கம் திருப்ப வேண்டும். நண்பர் சட்டத்தை விட்டு முழுவதுமாக வெளியே போனதும் போனை அப்படியே நிறுத்திப் பிடிக்க, அவர் படம் எடுப்பவரின் முதுகுப்பக்கமாக ஓடி வலது ஓரத்தில் போய் வேறு விதமாக நிற்பார். மறுபடி திருப்பினால் ஆள் இரண்டு. குறுக்கே முன்பக்கமாக ஓடினால் அரை உடம்பும் ஒரு காலும்தான் மிஞ்சும். நடுவில் நாய் நடந்து வந்தால் அதற்கு ஆறு கால்கூட முளைக்கலாம். அதையும் அழிக்க மனம் வராது.

வெளிச்சத்தால் எழுதுவதற்கு இருட்டும் பொறுமையும் வேண்டும். 1949இல் புகைப்படக்காரர் ஜான் மிலி, லைஃப் இதழுக்காக ஓவியர் பிக்காசோவைப் பிரான்சில் சந்தித்தார். பிக்காசோ இருட்டில் சிறு விளக்கைப் பிடித்துக் காற்றில் வரைய, மிலியின் கேமரா ஷட்டரைத் திறந்துவைத்தபடி அந்தக் கோடுகளைப் பதிவு செய்தது. தீபாவளி இரவில் கம்பி மத்தாப்போடு இதைச் செய்யலாம். பல ஆண்ட்ராய்டு போன்களில் உள்ள ‘புரோ’ வசதியில் ஷட்டரைப் பத்து விநாடிக்கும் ஐஎஸ்ஓவை 100க்கும் வைத்து, போனை ஸ்டாண்டிலோ புத்தக அடுக்கிலோ அசையாமல் நிறுத்த வேண்டும். பொத்தானைத் தொட்டாலே போன் ஆடும் என்பதால் டைமர் போடுவது நல்லது. கருஞ்சட்டைக்காரர் மத்தாப்பைப் பிடித்துக் கேமராவைப் பார்த்தபடி பெயரை எழுதினால் எழுத்து மட்டும் பதிவாகும், ஆள் பெரும்பாலும் மறைந்துவிடுவார். எழுத்து இடவலம் மாறித்தான் விழும். எடிட் செய்யும்போது படத்தைத் திருப்பிப் போட்டால் சரியாகிவிடும்.

பகலில் இந்த வழி செல்லாது. பெரும்பாலான போன்களில் லென்ஸின் துளையைச் சுருக்க முடியாது. ஷட்டரை நெடுநேரம் திறந்தால் படம் வெள்ளையாக வெளுத்துவிடும். ஆகவே செயலிகள் வேறு தந்திரம் செய்கின்றன. ஒரே படத்துக்குப் பதிலாகப் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் சராசரி கண்டுபிடிக்கின்றன. பாறை எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருப்பதால் கூர்மையாக நிற்கிறது, அருவி நீர் பட்டுப்போல வழுவழுப்பாகிறது. சராசரிக்குப் பதில், அந்தப் புள்ளியில் கிடைத்த அதிகபட்ச வெளிச்சத்தை எடுத்துக்கொண்டால், இரவுச் சாலையில் வண்டி விளக்குகள் நீண்ட கோடுகளாகும். ஐபோனில் லைவ் ஃபோட்டோ, படத்துக்கு முன்னும் பின்னும் ஒன்றரை விநாடி சேர்த்துப் பதிவு செய்கிறது; அதை ‘லாங் எக்ஸ்போஷர்’ ஆக்கினால் இதே பலன் கிடைக்கும்.

எடுத்து முடித்த படத்தில் விளையாடப் பலரும் நாடுவது ஸ்னாப்சீட். 2011இல் ஐபேடுக்காக வெளிவந்த இந்தச் செயலியை உருவாக்கிய நிக் சாஃப்ட்வேரை மறு ஆண்டே கூகுள் வாங்கியது, செயலி இலவசமாயிற்று. பூக்காரம்மாவின் கூடையில் கனகாம்பரம் மட்டும் நிறத்தோடு தெரிய வேண்டுமா? முதலில் படம் முழுவதையும் கறுப்பு வெள்ளையாக்க வேண்டும். பிறகு, செய்த மாற்றங்களின் பட்டியலைத் திறந்து அந்தக் கறுப்பு வெள்ளைப் படியைத் தட்டி, தூரிகையை எடுத்துப் பூவைத் தவிர மற்ற இடங்களில் மட்டும் அதைத் தடவ வேண்டும். பொத்தான்களின் இடம் பதிப்புக்குப் பதிப்பு மாறும், வேலை இதுதான். விரல் தடித்தது, பூ சிறியது. ஆகவே படத்தை நன்றாகப் பெரிதாக்கிக்கொண்டு ஓரங்களைத் தடவினால் நிறம் வழியாது. செயலிகளில் உருப்படியாகக் கற்றுக்கொள்ள ஒன்றே ஒன்று என்றால் இந்த ‘மாஸ்க்’ வேலையைச் சொல்லலாம்.

இருட்டறையில் மூதாதையர் இல்லாத வித்தை ஒன்றும் உண்டு. 2015இல் ஜெர்மனியின் டியூபிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஓர் ஓவியத்தின் தூரிகைப் பாணியைப் பிரித்தெடுத்து இன்னொரு படத்தின்மேல் ஏற்றும் கணினி முறையை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு ரஷ்யாவிலிருந்து வந்த பிரிஸ்மா செயலி அதே வகை நுட்பத்தைக் கைக்குள் கொண்டுவந்தது. அருகில் எடுத்த முகம், தனி மரம், கோபுரம் போன்ற பெரிய வடிவங்கள் இதற்குப் பொருந்தும். கல்யாண குரூப் போட்டோவைக் கொடுத்தால் முகங்கள் குழம்பிப்போகும். 2025 மார்ச்சில் சாட்ஜிபிடி வழியாகப் பரவிய, ஜப்பானின் ஜிப்லி அனிமேஷன் நிறுவனப் பாணிப் படங்கள் வேறு வகை. பிரிஸ்மா படத்தின் கோடுகளைப் பெரும்பாலும் அப்படியே விட்டு மேலே பூசுகிறது. சாட்ஜிபிடியோ படத்தையே புதிதாக வரைந்துவிடுகிறது. பாட்டியின் மூக்குத்தி பக்கம் மாறினாலும் வியப்பில்லை. ஓவியர்களின் பாணியை அவர்களைக் கேட்காமல் எடுத்தாளலாமா என்ற விவாதமும் அப்போது சூடுபிடித்தது.

இத்தனைக்கும் முன்னால், லென்ஸைத் துணியால் துடைத்துக்கொள்ள வேண்டும். விரல்ரேகை எண்ணெயை எந்தச் செயலியும் சுத்தமாக எடுக்காது. மூலப் படத்தைத் தொடாமல் பிரதியில் வேலை செய்வது நல்லது. வாட்ஸ்அப்பில் படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் அதன் அளவு சுருங்கிவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் அப்படியே போகும். படத்தைத் திருத்தும் செயலி தொடர்பு எண்களையும் கேட்டால் மறுத்துவிடலாம். படங்களிலும் தேர்ந்தெடுத்தவற்றை மட்டும் காட்டும் வசதி இப்போதைய போன்களில் இருக்கிறது. சில நாள் இலவசம் என்று சொல்லி, பிறகு வாரச் சந்தா பிடிக்கும் செயலிகளும் உண்டு. அவற்றைப் போனிலிருந்து நீக்கினால் மட்டும் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரிலோ ஆப் ஸ்டோரிலோ சந்தாப் பட்டியலைத் திறந்து தனியாக ரத்து செய்ய வேண்டும்.