கணினிக்குள் ஒரு கண்மாய்

நுழையும்முன்

பொதுச் சேமிப்பு ஒன்றை அமைத்து, அளவறிந்து பகிர்ந்து, குறைவுபடாமல் காப்பது நம் முன்னோர் கண்மாய்க் கரையில் கற்ற கலை. அதே தேவை இன்று கணினித் துறையிலும் எழுந்துள்ளது. மெய்நிகர் கணினிகளுக்குரிய சேமிப்பு எவ்வாறு அமைக்கப்படுகிறது, எவ்வாறு பகிரப்படுகிறது என்பதை அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கண்மாய்களின் துணைகொண்டு விளக்குகிறது இப்பாடம்.

வானம் பார்த்த நிலம்

விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்கள் கரிசல் மண் பரந்த வறண்ட நிலப்பகுதிகள் ஆகும். திருச்சுழியை ஒட்டிச் செல்லும் குண்டாற்றிலும் மழைக்காலத்தில்தான் நீரோட்டம் காணப்படும். எனவே, வடகிழக்குப் பருவமழை தரும் நீரைத் தேக்கிவைக்க ஊர்தோறும் கண்மாய்கள் அமைக்கப்பட்டன. கரை நீரைத் தாங்கும். மடை வயலுக்கு நீரை விடும். கலுங்கு மிகைநீரை வெளியேற்றி, அடுத்துள்ள கண்மாய்க்கு அனுப்பும்.

கண்மாய் நீர் ஊருக்குப் பொது. அந்நீரை ஒவ்வொரு வயலுக்கும் முறைவைத்துப் பாய்ச்சும் பொறுப்பு நீர்பாய்ச்சி எனப்படுபவரிடம் இருந்தது. ஒரு கண்மாயால் பாசனம் பெறும் நிலப்பரப்பினை ஆயக்கட்டு என்பர். கண்மாயின் கொள்ளளவுக்கு ஏற்ப ஆயக்கட்டு அமைந்தால் கடைமடைவரை நீர் செல்லும். ஆயக்கட்டு அளவு மீறினால் கடைமடை வயல் காயும். இந்த எளிய கணக்கு கணினிச் சேமிப்புக்கும் பொருந்தும்.

ஒரு கணினி, பல கணினிகள்

ஆற்றல்மிக்க கணினி ஒன்றினுள் மென்பொருளின் துணையால் பல கணினிகளை உருவாக்க இயலும். அவற்றை மெய்நிகர் கணினிகள் என்கிறோம். அவை இயங்குவதற்கு இடமளிக்கும் கணினி, புரவலர் கணினி எனப்படும். ஒவ்வொரு மெய்நிகர் கணினியும் தனக்கென இயங்குதளம், நினைவகம், வட்டு ஆகியவற்றைக் கொண்டதுபோலவே இயங்கும். ஒன்று பழுதுற்றாலும் மற்றவை பொதுவாகப் பாதிக்கப்படுவதில்லை.

பள்ளி ஒன்றின் கணினி ஆய்வகத்தை எண்ணிப் பார்ப்போம். நூலகப் பட்டியலுக்கு ஒன்று, மாணவர் வருகைப் பதிவுக்கு ஒன்று, நிரலாக்கப் பயிற்சிக்கு மூன்று என ஐந்து கணினிகள் தேவைப்படுகின்றன. ஐந்தையும் தனித்தனியே வாங்காமல் ஒரே கணினியில் ஐந்து மெய்நிகர் கணினிகளை அமைக்கலாம். ஆயினும், அவை எழுதும் தரவுகள் யாவும் புரவலர் கணினியின் உண்மையான வட்டுகளிலேயே சென்று சேர வேண்டும். அங்குதான் கண்மாயின் தேவை எழுகிறது.

தெரியுமா?

மெய்நிகர் கணினி என்னும் கருத்து புதியதன்று. 1960களிலேயே அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வு மையம் இதனைச் செயற்படுத்திக் காட்டியது. 2007ஆம் ஆண்டு லினக்ஸ் இயங்குதளத்தின் கருவுடன் கேவிஎம் என்னும் மென்பொருள் இணைக்கப்பட்டது. அதன்பின் எளிய கணினிகளிலும் மெய்நிகர் கணினிகளை அமைப்பது பரவலாயிற்று.

குளம் வெட்டுதல்

மெய்நிகர் கணினிகளுக்கென ஒதுக்கப்பட்ட பொதுச் சேமிப்பிடத்தை ஆங்கிலத்தில் ஸ்டோரேஜ் பூல் என்பர். இப்பாடத்தில் அதனைச் சேமிப்புக் குளம் என்போம். அதிலிருந்து ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் பிரித்துத் தரப்படும் பகுதி வால்யூம் எனப்படும். அதனைச் சேமிப்புப் பங்கு என்போம். அப்பங்கையே மெய்நிகர் கணினி தன் வட்டாகக் கருதிக்கொள்கிறது.

சேமிப்புக் குளத்தைப் பல வகைகளில் அமைக்கலாம். புரவலர் கணினியின் ஒரு கோப்புறையையே குளமாகக் கொள்வது எளிய வகை. இதில் ஒவ்வொரு பங்கும் ஒரு கோப்பாக இருக்கும். பல வட்டுகளை ஒன்றிணைத்து, அத்தொகுப்பைக் குளமாக்குவது மற்றொரு வகை. லினக்ஸில் எல்விஎம் என்னும் அமைப்பு இப்பணியைச் செய்கிறது. வலையமைப்பின் வழியே வேறொரு கணினியின் சேமிப்பைக் குளமாகக் கொள்வது மூன்றாம் வகை. இவ்வகையில் பல புரவலர் கணினிகள் ஒரே குளத்தைப் பயன்படுத்த இயலும். எனவே, ஒரு புரவலர் கணினி பழுதுற்றாலும் அதன் மெய்நிகர் கணினிகளை மற்றொன்றில் இயக்கலாம்.

லினக்ஸில் இவற்றை மேலாண்மை செய்ய லிப்விர்ட் என்னும் மென்பொருள் பயன்படுகிறது. அதில் கோப்புறைக் குளம் அமைப்பதற்கு நான்கு படிகள் உள்ளன. குளத்தின் பெயரையும் இடத்தையும் பதிவுசெய்வது வரையறுத்தல். அவ்விடத்தை உண்மையில் உருவாக்குவது கட்டுதல். குளத்தைப் பயன்பாட்டுக்குத் திறப்பது தொடங்குதல். புரவலர் கணினி இயங்கத் தொடங்கும்போதெல்லாம் குளமும் திறக்குமாறு செய்வது தானே தொடங்கச் செய்தல். நான்காம் படியை மறந்தால், மின்தடைக்குப்பின் கணினி மீண்டும் இயங்கினாலும் குளம் திறவாது. அதை நம்பிய மெய்நிகர் கணினிகளும் இயங்காமல் நிற்கக்கூடும்.

பங்கு பிரித்தல்

குளம் அமைந்தபின் பங்குகளைப் பிரிக்க வேண்டும். இதற்கு இரு முறைகள் உள்ளன. 300 ஜிகாபைட் பங்கு என்றால் அந்த இடம் முழுவதையும் முதலிலேயே ஒதுக்கிவிடுவது முழு ஒதுக்கீடு. 300 ஜிகாபைட் என்பதை உச்ச வரம்பாக மட்டும் குறித்துக்கொண்டு, தரவு எழுதப்பட எழுதப்பட இடத்தை அளிப்பது மெல்லிய ஒதுக்கீடு. கியூகவ்2 என்னும் கோப்பு வடிவம் இரண்டாம் முறைக்குப் பெரிதும் பயன்படுகிறது.

மெல்லிய ஒதுக்கீடு சிக்கனமானது. அதேவேளையில் விழிப்பைக் கோருவது. நம் பள்ளியின் குளம் 1000 ஜிகாபைட் கொள்ளளவு உடையது எனக் கொள்வோம். ஐந்து மெய்நிகர் கணினிகளுக்கும் தலா 300 ஜிகாபைட் எனப் பிரித்தால் மொத்தம் 1500 ஆகிறது. இருப்பைவிட 500 ஜிகாபைட் கூடுதலாக வாக்களித்துவிட்டோம். தொடக்கத்தில் ஒவ்வொன்றும் 40 ஜிகாபைட் பயன்படுத்தினால் குளத்தில் 200 மட்டுமே நிரம்பும்; குறையேதும் தெரியாது. ஒவ்வொன்றும் 200 ஜிகாபைட்டை எட்டும் நாளில் குளம் முழுவதும் நிரம்பிவிடும். அப்போதும் ஒவ்வொரு மெய்நிகர் கணினியும் தன் வட்டில் இன்னும் 100 ஜிகாபைட் எஞ்சியிருப்பதாகவே காட்டும்.

குளம் நிரம்பியபின் புதிதாக எழுத முயலும் மெய்நிகர் கணினி இடைநிறுத்தப்படலாம். எழுதிக்கொண்டிருந்த தரவு சிதையவும் கூடும். பயிற்சிக் கணினியில் யாரோ சேமித்த பெரிய காணொலிகளால் வருகைப் பதிவுக் கணினி நின்றுபோகும். தலைமடையில் மிகுதியாகப் பாய்ச்சிய நீருக்குக் கடைமடைப் பயிர் விலை கொடுப்பதைப் போன்றது இது. ஆகவே, இடையறாது இயங்க வேண்டிய பணிகளுக்கு முழு ஒதுக்கீடும், பயிற்சி போன்றவற்றுக்கு மெல்லிய ஒதுக்கீடும் தருவது நல்வழி. முதன்மைப் பணிக்குத் தனிக் குளம் அமைப்பது இன்னும் பாதுகாப்பானது.

தூர்வாருதல்

கண்மாயில் ஆண்டுதோறும் வண்டல் படியும். தூர்வாராவிட்டால் கொள்ளளவு குறையும். மெல்லிய ஒதுக்கீட்டிலும் இத்தகைய படிவு உண்டு. மெய்நிகர் கணினியில் ஒரு கோப்பினை நாம் அழித்தாலும், அது பிடித்திருந்த இடம் தானாகக் குளத்துக்குத் திரும்பிவிடுவதில்லை. இந்த இடம் இனி வேண்டா என்னும் செய்தியை மெய்நிகர் கணினி குளத்துக்கு அனுப்புமாறு அமைத்தல் வேண்டும். டிரிம் எனப்படும் இச்செயலே கணினிக் குளத்தைத் தூர்வாருதல் ஆகும்.

பங்கின் அளவை மாற்றும்போதும் கவனம் தேவை. பங்கினைப் பெரிதாக்கியபின், மெய்நிகர் கணினியினுள் உள்ள கோப்பு முறைமையையும் விரிவாக்க வேண்டும். பங்கினைச் சுருக்குவதோ இடர் நிறைந்தது. முறை பிறழ்ந்தால் தரவு வெட்டுண்டு போகும்.

கரை காத்தல்

வட்டுகள் என்றேனும் பழுதுறும். எனவே, ஒரே தரவைப் பல வட்டுகளில் பகிர்ந்தும் இரட்டித்தும் எழுதும் ரெய்டு என்னும் முறை கையாளப்படுகிறது. பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய பெர்க்லி பல்கலைக்கழக அறிஞர்கள் 1988ஆம் ஆண்டு இம்முறையை விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர். ஒரு வட்டு பழுதுறும்போது தரவைக் காக்க இம்முறை உதவும். ஆயினும், தவறுதலாக அழிக்கப்பட்ட கோப்பினை இது மீட்டுத் தராது.

ஸ்னாப்ஷாட் என்பது குறிப்பிட்ட நேரத்தில் இருந்த நிலையைப் பதிந்துவைப்பது. புதிய மென்பொருளை நிறுவும்முன் இதனை எடுத்துவைத்தால், பிழை நேரும்போது பழைய நிலைக்குத் திரும்பலாம். பெரும்பாலும் அது அதே குளத்தில் இருப்பதால், கரை உடையும்போது அதுவும் அடித்துச் செல்லப்படும். ஆதலின், தரவின் படியொன்றை வேறொரு வட்டிலோ வேறொரு கட்டடத்திலோ வைத்திருப்பதே முழுமையான காப்பாகும். குளம் 80 விழுக்காடு நிரம்பும்போதே எச்சரிக்கை வருமாறு அமைத்தலும் நன்று.

நம் வாழ்வும் சேமிப்பும்

தமிழ்நாடு அரசின் மாநிலத் தரவு மையம் சென்னைப் பெருங்குடியில் அமைந்துள்ளது. திருச்சுழியைச் சேர்ந்த மாணவி ஒருவர் கல்வி உதவித்தொகைக்காக இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிறார். அவ்விண்ணப்பம் எங்கோ உள்ள தரவு மையத்தின் வட்டில் பதிவாகிறது. அச்சேமிப்பில் இடம் இல்லாமற்போனால், விண்ணப்பத்தின் இறுதி நாளில் அம்மாணவி வரிசையில் காத்து நிற்க நேரும். சேமிப்பை அமைப்பவர் முகம்காணாத பலருக்கும் பொறுப்புடையவர் ஆகிறார்.

பங்கு என்பது வாக்குறுதி. குளம் என்பது இருப்பு. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தே மடையைத் திறக்க வேண்டும் என்பதை வறண்ட நிலத்து உழவர் அறிந்திருந்தனர். நாளைய கணினி வல்லுநர்களாகிய நீங்களும் இருப்பை அளந்து, பங்கைப் பகிர்ந்து, கரையைக் காக்கும் பழக்கத்தை இன்றே கைக்கொள்ளுங்கள்.