குடம் நிரம்பும் இடத்தில் யார் சோதிக்கிறார்கள்?

இருபது லிட்டர் கேனில் அடைத்து விற்கப்படும் தண்ணீர் சட்டத்தின் பார்வையில் ஓர் உணவுப் பொருள். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 'உணவு' என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்திலேயே அடைக்கப்பட்ட குடிநீரைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. அதைத் தயாரிப்பவர் உரிமம் பெற வேண்டும். பாதுகாப்பற்ற நீரை விற்றதாக நிறுவப்பட்டால் அவர் சிறைக்கும் செல்ல நேரிடும். ஆனால் மயிலாப்பூரின் ஒரு சந்தில், அடிபம்பில் அடித்துக் குடத்தில் பிடிக்கும் தண்ணீருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அதற்கென உள்ள அளவுகோல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்த ஐ.எஸ். 10500. 2012இல் திருத்தி வெளியிடப்பட்ட அந்த ஆவணம் நல்ல ஆவணம்தான். ஆனால் குழாய் நீரைப் பொறுத்தவரை அது கட்டாயமானதன்று. அந்த அளவுக்குக் கீழான நீரை வழங்கும் நிறுவனத்தைக் கூண்டில் ஏற்றும் பிரிவு எதுவும் அதில் இல்லை.

காசு கொடுத்து வாங்குபவருக்குச் சட்டமும், குழாயை நம்பியிருப்பவருக்கு அறிவுரையும் கிடைக்கும் இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்ளாமல் சென்னையின் குடிநீர்க் கண்காணிப்பைப் புரிந்துகொள்ள முடியாது.

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் பொதுச் சுகாதாரமும் நீரும் மாநிலப் பட்டியலில் உள்ளன. எனவே மத்திய அரசு தரநிலையை வகுக்கிறது, நிதி தருகிறது, அறிவுரைக் கையேடுகளை வெளியிடுகிறது. தண்ணீரை வழங்குவதும் காப்பதும் மாநிலத்தின் பொறுப்பு. சென்னையில் இப்பொறுப்பு, 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த சென்னைப் பெருநகர் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியத்திடம் இருக்கிறது. அதன் தலைவர் நகராட்சி நிர்வாகத் துறை அமைச்சர். பகுதி அலுவலகங்கள் 15, அவற்றின்கீழ்ப் பணிமனைகள் 200. மயிலாப்பூர் 9ஆவது பகுதியிலும், அடையாறு 13ஆவது பகுதியிலும் வருகின்றன. தியாகராய நகரோ 9, 10 என இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. புகார் கொடுக்கப் போகிறவர் எந்தப் பணிமனைக்குப் போவது என்று அலைவதற்கு இப்பிரிவினையும் ஒரு காரணம்.

நீரை எடுப்பதும், சுத்திகரிப்பதும், அனுப்புவதும், அதே நீர் நன்றாக இருக்கிறதா என்று சோதிப்பதும் இந்த ஒரே வாரியம்தான். தேர்வு எழுதுபவரே விடைத்தாளையும் திருத்துகிறார். இதற்கு வெளியே நிற்கும் கண்கள் இல்லாமலில்லை. 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் வழியே சுகாதாரத் துறைக்குக் குடிநீர் குறித்த பொறுப்பு உண்டு. கிண்டி கிங் நிலைய வளாகத்தில் பொதுச் சுகாதாரத் துறையின் தலைமை நீர்ப் பகுப்பாய்வுக் கூடம் இயங்குகிறது. மாநகராட்சியின் சுகாதார அலுவலர்களும் மாதிரி எடுக்கிறார்கள். ஏரிகளிலும் ஆறுகளிலும் கழிவு கலப்பதைத் தடுப்பது, 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின்கீழ், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வேலை. ஆனால் இவர்களில் எவருக்கும் குடிநீர் வாரியத்தை நோக்கி 'இந்தத் தெருவுக்கு இந்தத் தேதிக்குள் நல்ல நீர் கொடு, தவறினால் தண்டம் கட்டு' என்று ஆணையிடும் தனி ஒழுங்குமுறை அமைப்பு என்ற தகுதி இல்லை.

இங்கிலாந்தில் 1990இல் குடிநீர் ஆய்வகம் என்ற தனி அமைப்பு உருவாக்கப்பட்டது. தண்ணீர் நிறுவனங்களின் சோதனை முடிவுகளைத் தணிக்கை செய்வதும், தரம் தவறிய நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுப்பதும் அதன் வேலை. அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டின் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம், தரநிலைகளுக்குச் சட்டத்தின் வலுவைத் தந்தது. சட்டம் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் அதே நாடு சான்று. கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஃபிளிண்ட் நகரில் 2014இல் நீராதாரத்தை மாற்றியபின் குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து வீடுகளுக்குள் வந்தது. மக்கள் நிறம் மாறிய நீரைப் பாட்டில்களில் ஏந்தி நின்றபோதும் அதிகாரிகள் நீர் நல்லதென்றே சொன்னார்கள். இதில் அமைப்புசார்ந்த நிறவெறிக்குப் பங்குண்டு என்று மிச்சிகன் மாநிலக் குடியுரிமை ஆணையமே 2017இல் அறிக்கை தந்தது.

சோதனை என்பது என்ன என்பதையும் சற்று விரிவாகவே பார்த்துவிடுவோம். வாரிய அலுவலரிடம் பேசப் போகும்போது இந்த அறிவு நம்மிடம் இருக்க வேண்டும்.

முதலாவது, எஞ்சிய குளோரின். சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்க்கும் குளோரின் கிருமிகளைக் கொன்றபின்னும் சிறிதளவு நீரில் தங்கியிருக்க வேண்டும். வழியில் ஏதேனும் கலந்தால் அதுதான் காவல். கடைசிக் குழாயில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்கிறது தரநிலை. சிறு கருவியில் நீரையும் வேதிப்பொருளையும் சேர்த்தால் நிறம் மாறும். அந்த இடத்திலேயே சில நிமிடங்களில் முடிவு தெரிந்துவிடும். கடைக்கோடிக் குழாயில் குளோரின் அறவே இல்லையென்றால், வழியில் எதுவோ அதைத் தின்றுவிட்டது என்று ஐயுற வேண்டும். பல நேரங்களில் அந்த 'எதுவோ' கழிவுநீர்.

இரண்டாவது, நுண்ணுயிர்ச் சோதனை. 100 மில்லிலிட்டர் நீரில் ஈ.கோலை ஒன்றுகூடத் தென்படக்கூடாது. இதில் விதிவிலக்கு கிடையாது. கிருமி நீக்கிய பாட்டிலில் மாதிரி எடுக்க வேண்டும். நீரில் உள்ள குளோரின் போகும் வழியிலேயே கிருமிகளைக் கொன்று முடிவைப் பொய்யாக்காதபடி, பாட்டிலில் முன்னரே சோடியம் தயோசல்ஃபேட் இட்டிருக்க வேண்டும். குளிர்நிலையில் வைத்து விரைந்து ஆய்வகம் சேர்க்க வேண்டும். முடிவு தெரிய ஒரு நாள் முதல் இரண்டு நாட்கள் ஆகும். அதற்குள் அந்த நீரைத் தெரு முழுவதும் குடித்து முடித்திருக்கும். ஆகவேதான் புகார் வந்தபின் எடுக்கும் ஒற்றை மாதிரியைவிட, ஆண்டு முழுவதும் ஒழுங்காக எடுக்கும் மாதிரிகளே மக்களைக் காக்கும்.

இங்கே நாம் கேட்க வேண்டிய கேள்வி, மாதிரியை எந்த இடத்தில் எடுக்கிறார்கள் என்பது. செம்பரம்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்தின் வாயிலில் எடுத்தால் நீர் நன்றாகவே இருக்கும். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் வாயிலிலும் அப்படித்தான். 2013இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுடன் தொடங்கிய அங்கு, 2024இல் 15 கோடி லிட்டர் திறனுள்ள இரண்டாவது ஆலையும் வந்து தென்சென்னைக்கு நீர் தருகிறது. பணிமனைத் தொட்டியிலும், அகலமான சாலையோரக் குழாயிலும்கூடக் குறை தெரியாமல் போகலாம். நீர் கெடுவது பெரும்பாலும் கடைசி நூறு மீட்டரில்.

சென்னையில் குழாய் நீர் நாள் முழுவதும் வருவதில்லை. சில மணி நேரம் வந்து நிற்கும். நின்றவுடன் குழாயினுள் அழுத்தம் இறங்குகிறது. அப்போது குழாயின் இணைப்புகளிலும் விரிசல்களிலும் வெளியே தேங்கிய நீர் உள்ளே இழுக்கப்படுகிறது. மயிலாப்பூர் போன்ற பழைய பகுதிகளின் குறுகிய சந்துகளில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் அருகருகே கிடக்கின்றன. மறுநாள் தண்ணீர் திறந்தவுடன் முதலில் வருவது அந்தக் கலவைதான். முதல் இரண்டு குடத்தைக் கீழே ஊற்றிவிட்டு மூன்றாவதைப் பிடிக்கும் பழக்கம் நம் பெண்களுக்கு எப்படி வந்தது என்று எந்த அறிக்கையும் கேட்டதில்லை. வாரியம் செய்யாத தரப் பரிசோதனையை அவர்கள் கண்ணாலும் மூக்காலும் செய்துகொண்டிருக்கிறார்கள்.

ஒரே பெருங்குழாய் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. தியாகராய நகரில் அடுக்ககங்கள் இணைப்பில் மோட்டார் பொருத்தி நீரை நேரடியாக உறிஞ்சும்போது (இது தடை செய்யப்பட்டது, ஆனாலும் நடக்கிறது) அருகிலுள்ள குடிசைப் பகுதியின் அடிபம்பில் அழுத்தம் மேலும் குறைகிறது, கலப்பு மேலும் கூடுகிறது. அடுக்ககத்தில் கீழ்நிலைத் தொட்டி, மேல்நிலைத் தொட்டி, வடிகட்டும் இயந்திரம், அதற்கும் மேல் கேன் தண்ணீர் என்று நான்கு அரண்கள். அடிபம்பில் பிடிப்பவருக்குக் குடமும், காய்ச்சுவதற்கு எரிவாயு இருந்தால் அடுப்பும். இருவருக்கும் ஒரே நீரைத்தான் கொடுத்தோம் என்று வாரியம் சொன்னால் அது பொய்யில்லை, உண்மையுமில்லை.

நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்புகளில் இன்னொரு சிக்கல். 1970களில் குடிசை மாற்று வாரியம் என்ற பெயரில் தொடங்கி 2021இல் பெயர் மாறிய நிறுவனம் அது. வளாகத்தின் எல்லைவரை வரும் குழாய் குடிநீர் வாரியத்துடையது. உள்ளே இருக்கும் தொட்டியும் குழாய்களும் வாழ்விட வாரியத்தின் பொறுப்பு. தொட்டியில் கழிவுநீர் கசிந்தால் முன்னவர் உள்ளே கைகாட்டுவார், பின்னவர் வெளியே கைகாட்டுவார். கடிதப் போக்குவரத்து முடிவதற்குள் வயிற்றுப்போக்கு ஒரு சுற்று முடிந்திருக்கும்.

கழிவுநீர் எங்கே கலக்கிறது என்று கண்டுபிடிக்கப் பள்ளம் தோண்டி, அடைப்பெடுத்து, அந்த நீரில் நின்று வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் யார் என்பதை இத்தளத்தின் வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அவர்களில் பலர் மாலையில் திரும்பிப் போவதும் இதே அடிபம்புத் தெருக்களுக்குத்தான்.

2019 நவம்பர் 16 அன்று, அப்போதைய மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அமைச்சர் ராம் விலாஸ் பாஸ்வான், தர நிர்ணய அமைவனம் பெருநகரங்களில் நடத்திய குழாய் நீர்ச் சோதனையின் முடிவுகளை வெளியிட்டார். மும்பையில் எடுத்த 10 மாதிரிகளும் தேறின. சென்னையில் எடுத்த 10 மாதிரிகளும் தேறவில்லை. பத்தே மாதிரிகளை வைத்து ஒரு பெருநகரத்தை எடைபோட முடியாது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. அப்படியானால் ஆயிரம் மாதிரிகளின் முடிவுகளைத் தெருவாரியாக வெளியிட்டு அதை மறுத்திருக்கலாமே. குழாய் நீருக்கும் தரநிலையைக் கட்டாயமாக்க வேண்டும் என்று பாஸ்வான் பேசினார். 2020 அக்டோபரில் அவர் மறைந்தார். கட்டாயம் இன்றுவரை வரவில்லை.

2022 டிசம்பர் 26 அன்று, புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்களுக்கு நீர் வழங்கும் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்டது தெரியவந்தது. யார் கலந்தார்கள் என்ற கேள்வியிலேயே நாட்டின் கவனம் நின்றது. 2025 ஜனவரியில் அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவர் மீது சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ததையும், அம்மக்களும் பல கட்சிகளும் அதை ஏற்க மறுத்ததையும் நாம் அறிவோம். ஆனால் கண்காணிப்பு என்ற கோணத்தில் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். அந்த நீர் கெட்டதைக் கண்டுபிடித்தது எந்த அரசுச் சோதனையும் அன்று. குழந்தைகள் நோயுற்று மருத்துவமனைக்குப் போனார்கள். தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவர் சொன்னார். மக்களே தொட்டியின் மீதேறிப் பார்த்தார்கள். 2024 டிசம்பரில் சென்னையை ஒட்டிய பல்லாவரத்திலும் முதலில் வந்தவை வாந்தியும் வயிற்றுப்போக்கும் உயிரிழப்புகளும்தான். தண்ணீரே காரணம் என்று மக்கள் சொல்ல, அரசுத் தரப்பு மறுத்த வாக்குவாதமெல்லாம் அதற்குப் பிறகு.

சட்டம் நமக்கு எந்த அளவுக்கு உதவும்? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(x), பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வழக்கமாகப் பயன்படுத்தும் நீராதாரத்தைக் கெடுப்பதைக் குற்றமாக்குகிறது. அது நீரில் மலத்தைக் கலக்கும் கையைப் பார்க்கும். நாற்பது ஆண்டுகளாக மாற்றப்படாத குழாயைப் பார்க்காது. பிரிவு 4 அரசு ஊழியரின் வேண்டுமென்ற கடமை தவறலைத் தண்டிக்கும் என்றாலும், அது அந்தச் சட்டத்தின்கீழ் வரும் கடமைகளுக்கே பொருந்தும். ஆகவே பழுதான குழாய்க்கு நம் பாதை அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் உறுப்புதான். மாசற்ற நீர் வாழ்வுரிமையின் பகுதி என்று 1991இல் சுபாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கும் முன்னர், 1980இல் ரத்லாம் நகராட்சி வழக்கில், பணமில்லை என்று சொல்லிச் சுகாதாரக் கடமையிலிருந்து நகராட்சி தப்ப முடியாது என்று நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பெழுதினார். சட்டக் கல்லூரி மாணவர்கள் அந்தத் தீர்ப்பை முழுமையாகப் படிக்க வேண்டும். ஒரு சாக்கடையிலிருந்து தொடங்கிய வழக்கு அது.

1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானமும், 1927இல் மகத் குளத்தில் அம்பேத்கர் நீர் அருந்தியதும் பொதுநீரைத் தொடும் உரிமைக்கானவை. இன்று மயிலாப்பூரில் அந்தத் தடை குழாயின் வடிவில் இல்லை. குழாயில் வருவது குடிக்கத்தக்கதா என்பதை அறியும் உரிமை இன்னும் கைக்கு வரவில்லை. நீதிமன்றத்துக்குப் போகும் முன் நமக்கு அதுதான் தேவை. சான்றில்லாத மனுவுக்கு 'நீர் தரமாகவே உள்ளது' என்ற ஒற்றை வரிப் பதில் மனு போதும்.

அந்தச் சான்றைத் திரட்ட 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உதவும். கழிவுநீர் கலந்தால் முதலில் 1916 எண்ணில் புகார் செய்து பதிவு எண்ணைக் குறித்துவைக்க வேண்டும். பிறகு சிந்தாதிரிப்பேட்டையிலுள்ள வாரியத் தலைமை அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் கட்டணத்துடன் மனு. பொதுவாகக் 'குடிநீரின் தரம் என்ன' என்று கேட்டால் பொதுவான பதிலே வரும். நம் தெரு வரும் பணிமனையில் கடந்த 12 மாதங்களில் எந்தெந்தக் குழாய்களில், எந்தத் தேதியில், எந்த நேரத்தில் மாதிரி எடுக்கப்பட்டது. ஒவ்வொன்றிலும் எஞ்சிய குளோரின் எவ்வளவு, கோலிஃபார்ம் முடிவு என்ன. தவறிய மாதிரிகளுக்குப்பின் என்ன செய்யப்பட்டது, மறுசோதனை என்று நடந்தது. அத்தெருவின் குழாய் எந்த ஆண்டு பதிக்கப்பட்டது என்று கேட்க வேண்டும். நம் தெருவின் பெயர் அந்தப் பட்டியலில் ஓரிடத்திலும் இல்லையென்றால், அந்த இன்மையே நீதிமன்றத்தில் வைக்கத்தக்க ஆவணம். வாழ்விட வாரியத்திடம் கேட்க வேண்டியது, தொட்டியைக் கடைசியாகக் கழுவிய தேதி.

பலர் பயன்படுத்தாத ஒரு பிரிவும் இச்சட்டத்தில் இருக்கிறது. 2(j) பிரிவின்படி தகவல் உரிமை என்பது காகிதங்களின் நகலோடு முடிவதில்லை. பணிகளை நேரில் பார்வையிடுவதும், பொருள்களின் சான்றளிக்கப்பட்ட மாதிரிகளை எடுப்பதும் அதில் அடங்கும். சாலை ஒப்பந்தங்களில் தாரும் ஜல்லியும் மாதிரியாகக் கேட்க இப்பிரிவு உதவும் என்றால், வாரியம் வழங்கும் தண்ணீருக்கும் உதவ வேண்டும் என்பதே எமது வாதம். அலுவலர் முன்னிலையில், தண்ணீர் திறந்த முதல் சில நிமிடங்களில், அடிபம்பிலேயே மாதிரி எடுத்து, முத்திரையிட்டு, கிண்டி ஆய்வகத்துக்கு அனுப்பக் கோரலாம். வழக்கமான மனுவுக்குப் பதில் தர 30 நாட்கள். உயிர் தொடர்பான தகவலென்றால் 48 மணி நேரம். தெருவில் வயிற்றுப்போக்குப் பரவியிருக்கும்போது மனுவின் முதல் வரியிலேயே இதைக் குறிப்பிட வேண்டும். பதில் வராவிட்டாலோ மறுக்கப்பட்டாலோ 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்குப்பின் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.