ஸ்டிக்கர்ல 4060 இருக்கு, வாட் எவ்ளோ?

இஎம்ஐ-ல கேமிங் லேப்டாப் எடுக்கப் போறீங்களா? கார்டு பேரை மட்டும் பார்த்து ஸ்வைப் பண்ணிடாதீங்க மக்களே.

ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் கார்டுக்கு என்விடியா கொடுத்திருக்கும் பவர் அளவு 35 வாட்ல இருந்து 115 வாட் வரைக்கும். இதுல எவ்ளோ வைக்கணும்னு முடிவு பண்றது லேப்டாப் கம்பெனி. ஒல்லியான மாடல்ல ரொம்ப குறைச்சு வெச்சிருந்தா, முழு பவர்ல ஓடுற 4050-கிட்டயே தோத்துப் போகலாம். ஆனா காசு மட்டும் 4060-க்குத்தான் கட்டுவீங்க.

சரி, 4070-க்கு தாவிடலாமா? லேப்டாப் 4070-லயும் மெமரி அதே 8 ஜிபி தான். டெஸ்க்டாப் 4070-ல 12 ஜிபி! பேரு ஒண்ணு, சரக்கு வேற. மெமரி பத்தாம கேம் திக்குதுன்னா, கூடுதல் பணம் போட்டும் அது தீராது. 4050-ல 6 ஜிபி தான், அதனால அங்கிருந்து 4060-க்கு ஏறுறதுல அர்த்தம் இருக்கு.

இன்னொண்ணு, கிரெடிட் கார்டு ‘நோ காஸ்ட்’ இஎம்ஐ-லயும் வட்டிப் பகுதிக்கு 18% ஜிஎஸ்டி பில்லுல வந்து நிக்கும்.

வாங்கும் முன்னாடி கம்பெனி சைட்ல ‘டிஜிபி’ இல்லன்னா ‘மேக்சிமம் கிராபிக்ஸ் பவர்’னு தேடுங்க. கடையில “ஃபுல் பவர்தான் சார்”னு சொன்னா, அந்த நம்பர் எங்க போட்டிருக்குன்னு காட்டச் சொல்லுங்க.