வழித்துணையாகும் மின்பெட்டி

முன்பெல்லாம் ஒரு குடும்பம் நெடும்பயணம் புறப்பட்டால் கட்டுச்சோறும், கூஜாவும், மூன்று பாட்டரி போட்ட டார்ச் விளக்கும் தவறாமல் உடன் செல்லும். அந்த டார்ச் விளக்கின் இடத்தை இன்று கைப்பேசி பிடித்துக்கொண்டது. விளக்கு மட்டுமா? ரயில் பயணச்சீட்டு அதில் இருக்கிறது. தங்கும் விடுதியின் முகவரி அதில் இருக்கிறது. தேநீர்க் கடையில் பணம் கொடுப்பதும் அதைக்கொண்டே. வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு நடந்து செல்லும் குழுவில் பின்தங்கிவிட்ட பாட்டியாரை, முன்னே சென்றுவிட்ட பேரன் தேடிக் கண்டுபிடிப்பதும் அதன் உதவியால்தான். ஆகவே நடுவழியில் கைப்பேசி உயிரற்றுப் போவதைச் சிறு தொல்லை என்று ஒதுக்கிவிட இயலாது.

ரயில் பெட்டியில் மின்செருகி இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் தீவிபத்தைத் தவிர்க்கும் பொருட்டு, இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை அவற்றுக்கு மின்சாரத்தை நிறுத்திவைக்கும் நடைமுறையை 2021இல் ரயில்வே வலியுறுத்தியது. நம்மவரில் பெரும்பாலோர் இரவு ரயிலில்தானே புறப்படுகிறார்கள்! இதனால்தான் ‘பவர் பேங்க்’ எனப்படும் மின்சேமிப்புப் பெட்டி இன்று பயணப் பையின் இன்றியமையாத பொருளாகிவிட்டது. அதை வாங்கும்போதோ நம் மக்கள் பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். உண்மையான செய்தி பின்புறத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய பொடி எழுத்தில் இருக்கிறது.

முகப்பிலுள்ள 10,000 அல்லது 20,000 என்பது ‘எம்.ஏ.எச்.’, அதாவது மில்லி ஆம்பியர் மணி. நம் கைப்பேசியின் பாட்டரி 5,000. ஆகவே 10,000 உள்ள பெட்டி அதை இரண்டு முறை நிரப்பும் என்று கணக்குப் போடுகிறோம். நிரப்பாது. பெட்டிக்குள் இருக்கும் லித்தியம் கலம் ஏறத்தாழ 3.7 வோல்ட் அழுத்தத்தில் மின்சாரத்தைச் சேமிக்கிறது. கம்பி வழியாக வெளியே வரும்போது அது குறைந்தது 5 வோல்ட் ஆக உயர்த்தப்படுகிறது. அழுத்தம் கூடினால் அளவு குறையும். அந்த மாற்றத்தில் ஒரு பகுதி வெப்பமாகவும் வீணாகிறது. நெல்லை ஆலையில் கொடுத்து அரிசியாக வாங்குபவருக்கு இது எளிதில் விளங்கும். ஒரு மூட்டை நெல்லுக்கு ஒரு மூட்டை அரிசி வருவதில்லை. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் வரும். முகப்பில் இருப்பது நெல்லின் அளவு. அரிசியின் அளவைப் பின்புறத்தில் ‘ரேட்டட் கபாசிட்டி’ என்ற சொற்களுக்கு எதிரே காணலாம். 10,000 என்று விளம்பரப்படுத்தும் நல்ல பெட்டிகளில் அங்கே 6,000க்குச் சற்று மேற்பட்ட ஓர் எண் இருக்கும். அது ஏமாற்று வேலையன்று, நேர்மையான அறிவிப்பே. அந்த வரியே இல்லாத பெட்டியைத்தான் ஐயுற வேண்டும். 10,000 பெட்டி நம் கைப்பேசியை ஏறத்தாழ ஒன்றரை முறை நிரப்பும் என்று எண்ணிக்கொள்ளுதல் பொருத்தம்.

இனி, ‘சிறியதாகவும் இருக்க வேண்டும், நிறையவும் கொள்ள வேண்டும்’ என்ற ஆசையைப் பார்ப்போம். இவ்விரண்டும் ஓர் எல்லைக்கு மேல் ஒத்துப்போவதில்லை. லித்தியம்-அயன் பாட்டரி 1991இல் விற்பனைக்கு வந்தது. அதை உருவாக்கிய ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அப்போது குடினஃபின் வயது 97. இத்தனை ஆண்டு ஆராய்ச்சிக்குப் பின்னும், ஒரு கிராம் கலத்தில் இவ்வளவுதான் அடைக்க முடியும் என்ற வரம்பு இருக்கவே செய்கிறது. பவர் பேங்க்குகள் பலவற்றில் இடம்பெறும் உருளை வடிவக் கலம் ஒன்று 18 மில்லிமீட்டர் தடிமனும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது; எடை 45 முதல் 50 கிராம்; உயர்ந்த தரத்தில் அது கொள்வது ஏறத்தாழ 3,500 மில்லி ஆம்பியர் மணி. அப்படியானால் 10,000க்கு மூன்று கலங்கள் வேண்டும். உறையும் சுற்றுப்பலகையும் சேர்ந்தால் எடை 200 கிராமை ஒட்டி நிற்கும். தட்டையான கலங்களைக் கொண்டு மெலிதாகச் செய்தவையும் இதிலிருந்து வெகுவாக விலகுவதில்லை. 20,000 என்றால் 350 முதல் 400 கிராம் வரை ஆகும்.

ஆகவே கடைக்குச் செல்பவர் பெட்டியைக் கையில் வாங்கி எடை பார்க்கட்டும். தேங்காய் வாங்கும்போது கையில் ஏந்திப் பார்க்காமலா வாங்குகிறோம்? பேருந்து நிலைய வாசலில் சட்டைப்பைக்குள் அடங்கும் ஒரு பெட்டியைக் காட்டி ‘50,000’ என்று கூவுகிறார்கள். அவ்வளவு கொள்ள வேண்டுமானால் அதற்குள் பதினான்கு பதினைந்து கலங்கள் இருந்தாக வேண்டும். கலங்களின் எடையே முக்கால் கிலோவை நெருங்கும்! கனம் இருந்தாலே போதும் என்றும் நம்பிவிட வேண்டாம். எடைக்காக மணலை நிரப்பி விற்ற போலிகளும் பிடிபட்டுள்ளன. ஆனால் கனமில்லாத பெட்டி பெரிய எண்ணைச் சொன்னால் அது பொய் என்பது உறுதி.

நால்வர் கொண்ட குடும்பத்துக்கு 20,000 பெட்டி ஒன்றைவிட 10,000 பெட்டிகள் இரண்டு மேல் என்பது என் கருத்து. நடக்கும் வழியில் இருவர் பிரிந்து சென்றாலும் இருவரிடமும் ஒன்று இருக்கும். ஒன்று பழுதானாலும் மற்றொன்று கைகொடுக்கும். மேலுறையில் சூரியத் தகடு பொருத்தியவற்றைக் கண்டு மயங்க வேண்டாம். உள்ளங்கையளவுத் தகடு தருவது ஓரிரு வாட் மட்டுமே. பெட்டி நிறையப் பல நாள் வெயில் வேண்டும். அந்த வெயிலோ பாட்டரிக்குப் பகை.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். பெட்டி கைப்பேசியை எவ்வளவு விரைவில் நிரப்புகிறது என்று கேட்போர் உண்டு. பெட்டி தானே நிறைய எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்போர் அரிது. யாத்திரிகர் விடுதியில் அறைக்கு ஒரு செருகிதான் கிடைக்கும், அதற்கும் போட்டி. 20,000 பெட்டியை 10 வாட் அளவில் நிரப்பினால் இரவு முழுவதும் போதாது. 18 அல்லது 20 வாட் ஏற்கும் பெட்டியாயின் ஐந்து மணி நேரத்தை ஒட்டி நிறைந்துவிடும். ‘இன்புட்’ என்ற வரியில் இது குறிக்கப்பட்டிருக்கும். ‘டைப்-சி’ வாய் உள்ளதாகவே வாங்குங்கள். ஒரே கம்பி எல்லாவற்றுக்கும் பயன்படும்.

வானூர்தியில் செல்வோர் அறிய வேண்டியது வேறு. அங்கே மில்லி ஆம்பியர் கணக்கு செல்லாது. ‘வாட் மணி’ என்பதே அளவு. 10,000 என்பது 37 வாட் மணி. 20,000 என்பது 74. உலகெங்கும் வழங்கும் பொதுவிதி 100 வாட் மணி வரை அனுமதிக்கிறது. அதாவது 27,000 அளவில் வரம்பு முடிகிறது. அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். அதையும் தாண்டியதைப் பயணியின் மூட்டையில் கொண்டுசெல்லவே இயலாது. எந்த அளவாயினும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். சரக்கறைக்குச் செல்லும் பெட்டியில் வைக்கக் கூடாது. காரணம் எளிது. கலத்தினுள் இரு முனைகளையும் பிரித்து நிற்பது காகிதத்தினும் மெல்லிய ஒரு படலம். அது கிழிந்தால் கலம் தன் வெப்பத்தாலேயே எரியத் தொடங்கி அடுத்த கலத்தையும் பற்றவைக்கும். கண்முன்னே எரிந்தால் பணியாளர் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கலாம். சரக்கறையில் எரிந்தால் யார் காண்பார்?

இது வெறும் அச்சமன்று. 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் பூசான் விமான நிலையத்தில் புறப்படத் தயாராக நின்ற வானூர்தியில் தீப்பற்றியது. உள்ளிருந்த 176 பேரும் சறுக்குப் பாதை வழியாக உயிர் தப்பினர். விமானத்தின் கூரை எரிந்துபோயிற்று. தலைக்கு மேலுள்ள அறையில் இருந்த பவர் பேங்க் ஒன்றின் உட்காப்பு சிதைந்ததே காரணமாகலாம் என்று விசாரணையாளர் தெரிவித்தனர். அதே ஆண்டு அக்டோபரில் தில்லியிலிருந்து திமாப்பூருக்குப் புறப்பட்ட விமானத்தில், ஓடுதளம் நோக்கிச் செல்கையிலேயே ஒரு பயணியின் பவர் பேங்க் தீப்பிடித்தது. பணியாளர் உடனே அணைத்துவிட்டனர். இந்நிகழ்ச்சிகளால் விதிகள் இறுகி வருகின்றன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் முதல் பயணத்தின்போது பவர் பேங்க் பயன்படுத்துவதைத் தடை செய்தது. எமிரேட்ஸ் அதே ஆண்டு அக்டோபர் முதல் ஒருவருக்கு ஒன்றுதான் என்று வரையறுத்தது. வளைகுடாவுக்கோ புனித பூமிக்கோ செல்வோர் தாம் ஏறும் நிறுவனத்தின் விதியை முன்கூட்டியே கேட்டறிதல் நலம். வாட் மணி அச்சிடப்படாத பெட்டியையும், அச்சு அழிந்துபோன பெட்டியையும் சோதனைச் சாவடியில் பறித்துக்கொள்ளக் கூடும்.

இந்தியாவில் விற்கப்படும் பவர் பேங்க்குக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம். ஆங்கில ‘ஆர்’ எழுத்தும், ஒரு சிறுகோடும், எட்டு இலக்கங்களும் கொண்ட பதிவெண் பின்புறத்தில் இருக்கும். அந்த எண் மெய்யானதா என்பதை அமைவனத்தின் ‘பிஸ் கேர்’ செயலியில் இட்டுப் பார்க்கலாம். வீட்டில் படிக்கும் பிள்ளைகளிடம் சொன்னால் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்வார்கள்.

வாங்கிய பின், வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுச் செல்லாதீர்கள். தலையணைக்கு அடியில் வைத்துக் கைப்பேசியை நிரப்பும் பழக்கம் பிள்ளைகளிடம் பெருகியிருக்கிறது. கண்டிக்க வேண்டிய பழக்கம் அது. நெடுநாள் பயன்படுத்தாதபோது பாதியளவு நிரப்பி வைப்பது நல்லது. ஓராண்டோ ஈராண்டோ கழிந்து பெட்டி சற்று உப்பியிருக்கக் கண்டால் அதன் ஆயுள் முடிந்தது. ‘காற்றுதானே, ஊசியால் குத்தி வெளியேற்றிவிடலாம்’ என்று முனைவோரும் உண்டு. குத்திய மறுகணம் அது தீப்பிழம்பாகலாம். குப்பைத் தொட்டியிலும் எறியக் கூடாது. லாரியில் நசுங்கும்போது துப்புரவுத் தொழிலாளியின் கையருகே அது வெடிக்கும். பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளர் மீதும் இறக்குமதியாளர் மீதும் சுமத்தியிருக்கின்றன. வாங்கிய கடையிலோ, அந்நிறுவனத்தின் பழுதுபார்க்கும் நிலையத்திலோ, மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்திலோ கொடுத்துவிடுங்கள். கொடுக்கும் நாள்வரை எரியும் பொருள் எதுவும் அருகில் இல்லாத இடத்தில், ஓர் உலோகப் பாத்திரத்தில் போட்டு வெளியே வைத்திருங்கள்.