கரும்பலகையும் கைப்பேசியும் – 14: மணலில் எழுதவைத்தவர் பெயர் என்ன?

பி.எட். ரெக்கார்டு நோட்டுகள் செய்முறைத் தேர்வுக் கமிஷன் முடிந்த கையோடு பரணுக்குப் போவதைப் போன வாரம் சொன்னேன். பாளையங்கோட்டையில் பி.எட். படிக்கிற ஒரு பெண் ஃபேஸ்புக், யூடியூப், டெலிகிராம் இவற்றில் எதை எதற்குப் பயன்படுத்தலாம் என்று இந்த வாரம் எழுதுவதாகவும் சொல்லியிருந்தேன். நடுவில் ஆண்ட்ரூ பெல் வந்து உட்கார்ந்துகொண்டார். அவரைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

பெல் ஸ்காட்லாந்துக்காரர், பாதிரியார். 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியின் பொறுப்பு அவரிடம் வந்தது. அங்கிருந்த ஆசிரியர்களோ புதிதாக எதையும் செய்துபார்க்க விரும்பாதவர்கள். ஒருநாள் காலை குதிரையில் போகும்போது ஓர் உள்ளூர்ப் பள்ளிக்கூடம் அவர் கண்ணில் பட்டது. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, மணலைப் பரப்பி, விரலால் எழுத்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். காகிதம் இல்லை, மை இல்லை, செலவே இல்லை. பெல் திரும்பி வந்து தன் பள்ளியின் மிகக் கீழ் வகுப்பிலும் அப்படியே சொல்லிக்கொடுக்கச் சொன்னார். நடக்காத காரியம் என்றார் வகுப்பு ஆசிரியர். உடனே ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார் பெல். அவன் ஒரு சிப்பாயின் மகன். சொல்லிக்கொடுத்துக் காட்டிவிட்டான்! பிறகு அந்தப் பள்ளி முழுக்கப் பிள்ளைகளே பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்கள். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை காலங்காலமாகச் செய்துவந்த வேலைதான் இது.

1796இல் பெல் சென்னையை விட்டுப் போனார். மறு ஆண்டே, எழும்பூரில் செய்து பார்த்ததை ஒரு சிறு நூலாக லண்டனில் வெளியிட்டார். அது கைக்குக் கை மாறியது. 1811இல் இங்கிலாந்துத் திருச்சபையினர் தொடங்கிய தேசியக் கல்விச் சங்கம் இந்த முறையை வைத்தே பள்ளிகளைத் திறந்தது. 1832இல் பெல் இறந்தபோது அவர் முறையைப் பின்பற்றிய பள்ளிகள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். அவரை அடக்கம் செய்தது வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில். அவர் விட்டுச்சென்ற பணத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் எழுந்த பள்ளியை இன்றும் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்றே அழைக்கிறார்கள்.

பெல்லின் பெயர் கல்லறையில் இருக்கிறது. எட்டு வயது ஃப்ரிஸ்கனின் பெயர்கூடப் புத்தகங்களில் இருக்கிறது. அன்று காலை பிள்ளைகளை மணலில் எழுதவைத்துக்கொண்டிருந்த வாத்தியாரின் பெயர் மட்டும் இல்லை. இந்த வாரம் முழுக்க என் மனதில் அவர்தான்.

பெல் திருடினார் என்று நான் சொல்லவில்லை. உள்ளூர்ப் பள்ளியில் பார்த்ததை அவர் மறைக்கவும் இல்லை. பார்த்தார், செய்தார், எழுதினார். அந்த வாத்தியாருக்கு எழுதி வெளியிட வழி இல்லை, அவ்வளவுதான். நம் பக்கத்திலும் இதே கதைதான். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் ஐயரை எல்லோருக்கும் தெரியும். அவர் தயார்செய்து ஊர் ஊராக அனுப்பிய பள்ளி ஆசிரியர்களில் எத்தனை பேரை நமக்குத் தெரியும்?

இன்று பி.எட். படிக்கிற பெண்ணுக்கு எழுதி வெளியிடும் வழி கையிலேயே இருக்கிறது. ஆனால் அவளுடைய வாட்ஸ்அப் குழுக்களில் ஓடுவது என்ன? அரசாணை, டெட் தேர்வுக்கான மெட்டீரியல், விடைக்குறிப்பு, காலை வணக்கம். காலை வணக்கத்தைத் தவிர மற்றதெல்லாம் தேவைதான். ஆனாலும் வந்ததை அப்படியே அனுப்பி யாரும் நல்லாசிரியர் ஆனதில்லை.

எடுத்துக்காட்டுக்கு நம் தாமிரபரணியையே எடுத்துக்கொள்வோம். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள். சேரன்மகாதேவிப் பக்கம் டீச்சிங் பிராக்டிஸுக்குப் போகிறவள் சார்ட்டை மாட்டி எட்டுப் பெயரையும் ஒப்பிக்கச் சொல்லலாம். அல்லது, “உங்க வயலுக்கு எந்தக் கால்வாய்த் தண்ணி வருது? கார் விளையுமா, பிசானம் மட்டுந்தானா? வீட்ல ஆச்சிகிட்ட கேட்டுட்டு வாங்க” என்று அனுப்பலாம். மறுநாள் பிள்ளைகள் கொண்டுவருகிற பதில்களை வைத்து அவர்களே கால்வாய் வரைபடம் போடுவார்கள். வயல் இல்லாத வீட்டுப் பிள்ளை என்ன கேட்டுக்கொண்டு வரும் என்பதும் அந்த வகுப்பில் எழுகிற கேள்வி. ‘அதற்கு நான் இப்படிச் செய்தேன், சரிவரவில்லை, நீங்கள் என்ன செய்வீர்கள்?’ என்று பத்து வரி எழுதித் தன் பெயரோடு குழுவில் போட்டால், ஸ்ரீவைகுண்டத்தில் கடைமடைப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற மூத்த ஆசிரியர் ஒருவர் பதில் சொல்வார். எந்த மெட்டீரியலிலும் கிடைக்காத பாடம் அது. வெற்றியை மட்டும் போடுகிற பதிவுக்குப் பாராட்டு வரும். சந்தேகத்தோடு போடுகிற பதிவுக்குத்தான் யோசனை வரும்.

நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு ரஞ்சித்சிங் திசாலே. மகாராஷ்டிரத்தில் சோலாப்பூர் மாவட்டம் பரித்தேவாடி கிராமத்து ஜில்லா பரிஷத் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். பாடப்புத்தகத்தில் கியூஆர் கோடு ஒட்டிப் பாடத்தை ஒலியாகவும் படமாகவும் பிள்ளைகளிடம் சேர்த்தவர். 2020இல் பத்து லட்சம் டாலர் உலக ஆசிரியர் பரிசு அவருக்குக் கிடைத்தது. அதில் பாதியை இறுதிச் சுற்றில் இருந்த மற்ற ஒன்பது பேருக்கும் பகிர்ந்து கொடுத்துவிட்டார். பகிர்கிற பழக்கம் அவருக்குப் பரிசுக்குப் பிறகு வந்ததல்ல. நம் தமிழ்நாட்டுப் பாடநூல்களிலும் 2018 முதல் கியூஆர் கோடு இருக்கிறது. அதை ஸ்கேன் செய்து பார்க்க மட்டும்தான் நம் ஆசிரியர்கள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

எந்தத் தளம், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகிறது. அதோடு அதைவிட முக்கியமான ஒன்றும் சேர்ந்து வரும்: பிள்ளைகளின் படம். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பதினெட்டு வயதுக்குட்பட்ட எல்லோரும் குழந்தைகள்தான். அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது அது. வகுப்பறைக்கு இது எப்படிப் பொருந்தும் என்று விரிவாகவே எழுதுகிறேன். அதுவரை, பி.எட். படிக்கும் தங்கச்சி தம்பிமார்களே, உங்கள் பாடத்தை உங்கள் பெயரோடு எழுதிப் போடுங்கள். பிள்ளைகள் வரைந்த வரைபடத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். எந்தப் பிள்ளையின் முகத்தையும் போடாதீர்கள்.