நெடுநாள் நின்ற மோட்டார் சைக்கிளை மீண்டும் ஓடவைப்பது எப்படி?

இடம்பெயர்ந்து வாழும் விவசாயக் குடும்பத்துக்கு மோட்டார் சைக்கிள் ஓர் ஆடம்பரப் பொருள் அல்ல. உறவினர் வீட்டில் தங்கியிருப்பவருக்குத் தோட்டக் காணி ஆறேழு மைல் தள்ளி இருக்கலாம். விடியற்புறம் போய்த் தண்ணீர் மாறுவதற்கும், கத்தரிக்காயையும் வெங்காயத்தையும் சந்தைக்குக் கொண்டு போவதற்கும், இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் ஆசுபத்திரிக்கு விரைவதற்கும் அதுவே துணை.

எமது பகுதிகளில் இத்தேவைகளுக்கு நீண்டகாலம் உழைத்தவை ஹொண்டா எம்.டி. 90, சி. 90, சி.டி. 125 போன்ற பழைய வண்டிகள். இடம்பெயர்வின்போது பல வண்டிகள் கொட்டிலிலும் மாட்டுமாலிலும் உறவினர் வீட்டு விறாந்தையிலும் விடப்பட்டன. சில ஆண்டுக் கணக்காக அப்படியே நிற்கின்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் புதிய வண்டிகளோடு பழைய வண்டிகளின் விலையும் ஏறிவிட்டது. ஆகவே நிற்கும் வண்டியைத் திருத்தி எடுப்பது பல குடும்பங்களுக்குப் பெரும் உதவியாக இருக்கும்.

இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று. நெடுநாள் நின்ற வண்டியைக் கண்டவுடன் பெற்றோலை ஊற்றி உதைத்துப் பார்க்கக் கூடாது. ஆண்டுக் கணக்காக நின்றதால் ஏற்படும் பழுதைவிட, காய்ந்த என்ஜினை அவசரப்பட்டு ஓடவிடுவதால் ஏற்படும் பழுதே பெரிது. துருவேறிய சிலிண்டரில் பிஸ்ரன் றிங் ஒருமுறை கீறினால் அதைச் சீர்செய்யச் சிலிண்டரைக் கடைந்து, புதிய பிஸ்ரன் போட வேண்டி வரும். கீழே கூறும் வேலைகளை முறையாகச் செய்தால் அந்தச் செலவைத் தவிர்க்கலாம். இவற்றுக்கு இரண்டு மூன்று நாள் பொறுமையும் சில சாவிகளும் போதும்.

மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகள்

1990க்குப் பின்னர் யாழ். குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபோது, எமது மக்கள் சில துளி பெற்றோலில் என்ஜினை இயக்கிப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓடினார்கள். அது காலத்தின் தேவை. ஆனால் மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல எளிதில் ஆவியாவதில்லை. எரியாமல் மிஞ்சுவது சிலிண்டர் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, என்ஜின் ஒயிலையும் நீர்த்துப்போகச் செய்கிறது. பிஸ்ரன் தலையிலும் வால்விலும் கரி படிகிறது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு ஏற்பட்டு, கியூ.ஆர். முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோலே கிடைத்த நாட்களிலும் மண்ணெண்ணெய் கலக்கும் எண்ணம் சிலருக்கு வந்தது. அப்படி ஓடிய வண்டியானால் கீழே கூறும் ஒயில் வேலையை இருமடங்கு கவனத்துடன் செய்ய வேண்டும்.

1. வண்டியை வெளியே எடுக்குமுன்

வண்டி பற்றை மூடிய காணியில் கிடந்தால், அக்காணி மிதிவெடி அகற்றப்பட்டதாக அறிவிக்கப்பட்டுள்ளதா என்பதை முதலில் கிராம அலுவலரிடம் கேட்டறியுங்கள். அறிவிக்கப்படாத காணிக்குள் எந்தப் பொருளுக்காகவும் இறங்கவேண்டாம்.

வண்டியை வெளிச்சமான இடத்துக்குத் தள்ளி வந்து, சீட்டைத் தூக்கிப் பாருங்கள். பாம்பு, தேள், எலிக்கூடு இருக்கலாம். வயர்களை எலி கடித்திருக்கும். சைலன்ஸர் குழாயின் வாயை வேட்டாளி மண் வைத்து அடைத்திருக்கும். எயார் கிளீனருக்குள்ளும் கூடு இருக்கக்கூடும். இவை அனைத்தையும் துப்புரவாக்குங்கள். கழற்றும் ஆணிகளை வெவ்வேறு சிரட்டைகளில் போட்டு வைத்தால் ஒன்றும் மாறாது.

2. ஒயில்

இவ்வகை வண்டிகளில் என்ஜின், கியர், கிளச் ஆகிய மூன்றுக்கும் ஒரே ஒயில்தான். எனவே பழைய ஒயிலை முற்றாக வடித்தெடுக்க வேண்டும். சி. 90இல் என்ஜினின் அடியிலுள்ள வடிநட்டுக்கு 17ஆம் இலக்கச் சாவி பொருந்தும். வடிந்த ஒயிலை விரலில் தொட்டுப் பாருங்கள். மண்ணெண்ணெய் மணத்துடன் தண்ணீராக இருந்தால் மேலே கூறிய நீர்த்தல் நடந்திருக்கிறது. பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மினுங்கும் உலோகத் தூள் நிறைய இருந்தால் வண்டியை ஓடவிடாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

10டபிள்யூ-30 அல்லது 10டபிள்யூ-40 என்று குறிக்கப்பட்ட, நாலு ஸ்ரோக் மோட்டார் சைக்கிளுக்குரிய ஒயிலை ஊற்றுங்கள். 90 ரக வண்டிகளுக்கு ஒரு லீற்றருக்குள் போதும். சி. 90இல் அளவுகோலைத் திருகாமல் துளையில் சும்மா வைத்தெடுத்தே அளவு பார்க்க வேண்டும்.

வடித்த ஒயிலைக் காணியில் ஊற்றவேண்டாம். எமது நிலம் சுண்ணாம்புக்கல் நிலம். மேலே ஊற்றுவது கிணற்றுக்குப் போய்ச் சேரும். 2014, 2015ஆம் ஆண்டுகளில் சுன்னாகத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்ததால் குடிதண்ணீருக்கு மக்கள் பட்ட துன்பத்தை நாம் மறக்கவில்லை. பழைய ஒயிலைப் போத்தலில் அடைத்து கராஜில் கொடுத்துவிடுங்கள்.

3. சிலிண்டர்

பிளக்கைக் கழற்றி, ஊசியில்லாத சிறிஞ்சினால் இரண்டு தேக்கரண்டி புதிய ஒயிலை அத்துளையினூடாகச் செலுத்துங்கள். சி. 90, எம்.டி. 90 ஆகியவற்றின் சிலிண்டர் ஏறக்குறையக் கிடையாக இருப்பதால் ஒயில் கீழ்ப்பக்கத்திலேயே தேங்கும். ஆகையால் பல பக்கமும் படும்படி பீச்ச வேண்டும். ஓர் இரவு ஊற விடுங்கள்.

மறுநாள் வால்வு மூடிகளைக் கழற்றி அங்கும் சிறிது ஒயில் விடுங்கள். என்ஜின் ஓடத் தொடங்கும்போது ஒயில் கடைசியாக வந்து சேரும் இடம் அதுதான். பின்னர் பிளக் இல்லாமலே கிக்கரைக் கையினால் மெல்ல அழுத்துங்கள். இலகுவாகச் சுற்றினால் பத்துப் பன்னிரண்டு தரம் சுற்றி ஒயிலைப் பரவவிடுங்கள். இறுகி நின்றால் காலால் ஏறி மிதிக்க வேண்டாம். டீசலும் ஒயிலும் சமமாகக் கலந்து விட்டு மூன்று நான்கு நாள் ஊறவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் அசையாவிட்டால் சிலிண்டரைக் கழற்றுவதே வழி. அது மெக்கானிக்கின் வேலை.

4. பெற்றோல் தாங்கியும் காபரேற்றரும்

பழைய பெற்றோல் வார்னிஷ் போல மணக்கும். அது பிசின்போலக் காய்ந்து காபரேற்றரின் நுண்துளைகளை அடைத்துவிடும். தாங்கியை முழுவதும் வடித்து, உள்ளே துருவிருந்தால் வினாகிரி நிரப்பி ஒரு நாள் விடுங்கள். பின்னர் ஒரு பிடி சிறிய நட்டுகளைப் போட்டுக் குலுக்கி, அவற்றை எண்ணி வெளியே எடுங்கள். அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவிட்டு, உடனே சிறிது ஒயில் விட்டுக் குலுக்கிவையுங்கள். தாமதித்தால் மறுபடியும் துரு பிடிக்கும்.

தாங்கியில் ஓட்டை இருந்தால் அதை வீட்டிலோ தெரியாதவரிடமோ வெல்டிங் செய்விக்க வேண்டாம். வெறும் தாங்கிக்குள் நிற்கும் பெற்றோல் ஆவி வெடிக்கும். இதனால் உயிரே போகலாம்.

காபரேற்றரின் கீழ்க் கிண்ணத்தைக் கழற்றி, ஜெற்றுகளை எடுத்துப் பெற்றோலில் ஊறவிடுங்கள். அடைப்பை எடுக்கக் கம்பியோ ஊசியோ பயன்படுத்தினால் துளை பெருத்து, அதன்பின் பெற்றோல் வீணாகச் செலவாகும். மெல்லிய தங்கூசி நரம்பு விட்டு இழுத்து, சைக்கிள் பம்மினால் காற்றடித்தால் போதும். வெளிச்சத்துக்குப் பிடித்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும். வெடித்த ரப்பர் குழாயை மாற்றிவிடுங்கள்.

5. மின்பொறி

பிளக்கைக் கம்பித் தூரிகையால் துடைத்து, இடைவெளியை 0.6 முதல் 0.7 மி.மீ. வரை வையுங்கள். பொயின்ற் உள்ள பழைய ரகங்களில் அதன் இடைவெளி 0.3 முதல் 0.4 மி.மீ. வரை இருக்க வேண்டும். பல ஆண்டு நின்றதால் பொயின்ற் முகத்தில் பூஞ்சணம் போல ஒரு படலம் பிடித்திருக்கும். மெல்லிய அரத்தாளால் ஒருமுறை இழுத்து, சுத்தமான கடதாசியால் துடைத்தாலே பலவேளை பொறி வந்துவிடும். பொறியைச் சோதிக்கும்போது பிளக்கை என்ஜின் உலோகத்தில் தொட வைத்து, பெற்றோல் போத்தலைத் தூரத்தில் வையுங்கள்.

பற்றறி வாங்குமுன் வண்டி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பாருங்கள். பழைய ரகங்கள் 6, பிந்தியவை 12. பல்புகளும் அதற்கேற்பவே வாங்கப்பட வேண்டும்.

6. முதல் உதை

வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். மூடிய கொட்டிலுக்குள் சைலன்ஸர் புகை நஞ்சாகும். அரை லீற்றர் புதிய பெற்றோல் போதும். இயங்கியதும் முறுக்காமல் மெல்ல ஓடவிடுங்கள். முதல் சில நிமிடங்கள் நீலப்புகை வரும். அது நாம் சிலிண்டரில் விட்ட ஒயில். கால் மணி நேரத்துக்குப் பின்னரும் நீலப்புகை நிற்காவிட்டால் றிங் அல்லது வால்வுப் பக்கம் தேய்ந்திருக்கிறது. கரும்புகை வந்தால் எயார் கிளீனர் அடைத்திருக்கலாம், அல்லது பெற்றோல் அதிகமாகப் போகிறது.

ஏறத்தாழ 100 கிலோமீற்றர் ஓடியபின் ஒயிலை மறுபடியும் மாற்றுங்கள். உள்ளே கழுவுப்பட்ட அழுக்கு அதனுடன் வந்துவிடும். இது வீண்செலவு அல்ல. இந்த இரண்டாவது ஒயில் மாற்றந்தான் என்ஜினுக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கிறது. அப்போதே வால்வு இடைவெளியையும் பார்ப்பிக்கலாம். 90 ரகங்களில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது அது 0.05 மி.மீ. இருக்க வேண்டும்.

7. வீதிக்கு இறங்குமுன்

என்ஜின் ஓடியதும் வண்டி தயார் என்று எண்ணிவிடக் கூடாது. ஓடும் வண்டியைவிட நிற்கும் வண்டிதான் முக்கியம். பின்னால் மனைவியும் முன்னால் பிள்ளையும் கரியரில் மூட்டையுமாகப் போகும் எமது வழக்கத்தில் பிறேக்கின் மேல் விழும் பாரம் பெரிது. அந்த வழக்கத்தையும் நாம் கைவிட வேண்டும்.

பிறேக் டிறம்மைத் திறந்து, சூவின் தேய்வைப் பாருங்கள். பழைய சூக்களில் அஸ்பெஸ்ரஸ் இருந்திருக்கும். ஆகவே தூசியை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். ஒயில் ஊறிய சூவை மாற்றிவிடுங்கள். பிறேக் கம்பியில் ஓர் இழை அறுந்திருந்தாலும் புதிது போடுங்கள்.

ரயரின் பூ ஆழமாக இருந்தாலும் பக்கச் சுவரில் வெடிப்பிருந்தால் அது பாரம் தாங்காது. 2000ஆம் ஆண்டுக்குப் பின்னர் செய்யப்பட்ட ரயர்களில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 1207 என்றிருந்தால் அது 2007ஆம் ஆண்டின் 12ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. செக்கன்ஹான்ட் ரயர் வாங்குவோரும் இதைப் பார்த்தே வாங்க வேண்டும்.

செயினைப் பின் பற்சக்கரத்திலிருந்து விரலால் இழுத்துப் பாருங்கள். பல்லில் பாதி வெளியே தெரிந்தால் செயினுடன் இரு பற்சக்கரங்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். செயின் கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையை நோக்கியிருப்பது அவசியம்.

8. கையிலிருக்கும் பணத்தை எதற்கு முதலில் செலவிடுவது?

பலர் முதலில் பெயின்ற் அடிப்பிக்கிறார்கள், சீட்டுக்கு உறை தைப்பிக்கிறார்கள். நாம் கூறும் ஒழுங்கு வேறு: முதலில் ஒயில், அடுத்துப் பிறேக், பின்னர் ரயரும் செயினும், அதன்பின் விளக்குகள், மிஞ்சினால் பெயின்ற். ஒரு மாதத்தில் எல்லாம் முடியாவிட்டால் வண்டி இன்னும் ஒரு மாதம் நிற்கட்டும்.

9. பத்திரங்கள்

பதிவுப் புத்தகம் இடம்பெயர்வில் தொலைந்திருந்தால் பொலிஸில் முறைப்பாடு பதிந்து, அதன் பிரதியுடன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் இரண்டாம் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் இருந்தாலே பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரம் பெறலாம். என்ஜின் இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் துரு எடுக்கிறோம் என்று அரத்தால் தேய்த்துவிடாதீர்கள். உங்கள் உரிமைக்கு அவைதான் சாட்சி. பத்திரங்களைப் பிரதியெடுத்து வேறொரு வீட்டிலும் ஒரு தொகுதி வைத்திருங்கள்.

10. பின்னர்

வாரம் ஒருமுறை ஒயில் அளவு, ரயர் காற்று, செயின் தளர்வு ஆகிய மூன்றையும் பார்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும். எமது புழுதிப் பாதைகளில் 1,500 முதல் 2,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயில் மாற்றி, எயார் கிளீனரையும் துப்புரவாக்குங்கள். இவ்வேலைகளை வீட்டுப் பெண்களும் வளர்ந்த பிள்ளைகளும் பழகிக்கொள்வது நல்லது. வண்டியை ஓட்டியவர் இல்லாத வீடுகள் எம்மிடையே பல உண்டு. அவ்வீடுகளில் நிற்கும் வண்டிகளைத் திருத்திக்கொடுக்க, சாவி பிடிக்கத் தெரிந்த அயலவர்கள் ஒரு ஞாயிறு பின்னேரத்தை ஒதுக்கலாம். ஒரு சோடி சாவியையும் ஒரு பம்மையும் நாலு குடும்பங்கள் சேர்ந்து வாங்கி வைத்திருந்தால் அந்த வட்டாரம் முழுவதற்கும் அவை போதும்.